முத்துக்குளித்துறையில் மெய்யியல் பாடம்

தூத்துக்குடி வட்டாரத்தில் தத்துவம் கற்பிக்கப்பட்டதற்கான பழைய சான்று கடலோரத்தில் இல்லை. கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, கழுகுமலைப் பாறையில் அது இருக்கிறது. பாண்டியர் ஆட்சியில், 8, 9ஆம் நூற்றாண்டுகளில், அங்கே சமணத் துறவியர் கல்வி நிலையம் ஒன்றை நடத்தினர். வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களின் அடியில் நூறளவு சிறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. உருவத்தைச் செய்வித்தவர் யார், அவர் யாருடைய மாணாக்கர் என்று இரண்டே செய்தி சொல்லி அவற்றில் பல முடிந்துவிடும். ஆசிரியர்களில் குரத்தியர் எனப்பட்ட பெண்களும் இருந்தனர். அவர்களிடம் ஆண்களும் பயின்றார்கள். சித்தாந்தம் உரைக்கும் துறவியருக்குச் சோறளிக்க நிலம் விட்ட செய்தியும் அங்குள்ள கல்வெட்டில் உண்டு. உலகம் எதனால் ஆனது, உயிர் எது, வினை அதை எப்படிப் பற்றுகிறது என்பதே சமண சித்தாந்தத்தின் உள்ளடக்கம். அதை உரைப்பதற்கென்று ஆளும், கேட்பதற்கு மாணாக்கரும், இருவரின் சாப்பாட்டுக்கு நிலமும் இருந்த ஓர் இடத்தைப் பள்ளி என்று சொல்லத் தடையில்லை.

தாமிரபரணிக் கரையில் இந்தக் கல்வி வேறு சமயங்களின் கையில் தொடர்ந்தது. நம்மாழ்வாரின் ஊரான ஆழ்வார்திருநகரியில் 14ஆம் நூற்றாண்டில் திருவாய்மொழிப் பிள்ளை பாடம் சொன்னார். அவரிடம் கற்ற மணவாள மாமுனிகள் 1370இல் அதே ஊரில் பிறந்தவர். பிள்ளை லோகாசாரியர் இயற்றிய தத்துவத்திரயம் என்ற நூலுக்கு மாமுனிகள் எழுதிய உரை இன்றும் வைணவர்களின் பாடநூல். அறிவுள்ள உயிர், அறிவற்ற பொருள், ஈசுவரன் என மூன்று தலைப்புகளில் இராமானுசர் கொள்கை முழுவதையும் அடக்கும் நூல் அது. ஒரு பாடத்திட்டம் போலவே அமைந்தது. இதைக் கற்பிக்கும் முறைக்குக் காலட்சேபம் என்று பெயர். ஆசிரியர் மூலத்தில் ஒரு வாக்கியத்தை வாசிப்பார், உரையை வாசிப்பார், எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதை அவரே எடுத்துச் சொல்லி மறுப்பார், பிறகுதான் அடுத்த வாக்கியம். ஒரு நூல் முடிய மாதக்கணக்கில் ஆகும்.

சைவர்கள் இதைப் பாடங்கேட்டல் என்றார்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆனது. மனப்பாடம் செய்ய ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் ஒவ்வொரு சூத்திரத்தின் கீழும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற மூன்று உறுப்புகள் உண்டு. ஒரு கூற்றைச் சொன்னால் அதற்குக் காரணம் தர வேண்டும். காரணத்துக்கு உலகில் காணக்கூடிய ஓர் உதாரணம் தர வேண்டும் என்ற ஒழுங்கு மாணவனுக்கு முதல் நாளிலேயே பழக்கமாகிவிடும். அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பரபக்கத்தில் உலகாயதர், பௌத்தர், சமணர் முதலியோரை அவரவர் வாதத்தோடு பேசவிட்டு, அதன் பிறகே சுபக்கத்தில் அளவை இலக்கணத்தோடு தொடங்கித் தன் கட்சியைச் சொல்கிறது. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785இல் மறைந்த சிவஞான முனிவர் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதியதோடு, அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தையும் தமிழில் தந்தார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் கண்டது போல என்ற பழைய அனுமானப் பாடம் வடமொழி தெரியாத தமிழ் மாணவனுக்கு அதன்மூலம் எட்டியது. அந்த நூலைப் பிற்பாடு அச்சில் கொண்டுவந்தவர் கடலுக்கு அக்கரையில் இருந்த ஆறுமுக நாவலர்.

மடத்துக்கும் அக்கிரகாரத்துக்கும் வெளியே இருந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது திண்ணைப் பள்ளி. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, எண்சுவடி என்று போன அந்தப் படிப்பில் நீதி இருந்தது, தத்துவம் இல்லை. ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் திருச்செந்தூர் முருகன் மேல் பாடிய கந்தர் கலிவெண்பாவைக் குழந்தைகள் ஒப்பித்தார்கள். சைவ சித்தாந்தத்தின் ஆறு அத்துவாக்கள் முதல் பல கொள்கைகள் அதில் அடங்கியிருப்பது பொருள் கேட்கும் வயது வந்தவர்களுக்கு மட்டுமே தெரியவந்தது. முதலில் நெட்டுரு, பிறகு எப்போதாவது பொருள் என்பதே வழக்கம். பெரும்பாலோருக்கு அந்த 'எப்போதாவது' வரவேயில்லை.

கடற்கரை ஊர்களில் நிலைமை வேறு. முத்துக்குளிக்கும் பரதவர்கள் 1530களின் நடுவில் கூட்டமாகக் கத்தோலிக்கரானார்கள். கற்பிக்க ஆளில்லாமல் கிடந்த அந்த மக்களிடம் 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்து சேர்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த சிலரைத் துணைக்கு வைத்து விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், சில செபங்கள் ஆகியவற்றைத் தமிழாக்கி, அவற்றைத் தாமும் மனப்பாடம் செய்துகொண்டார். ஊர் ஊராகக் கையில் மணியோடு நடந்து, நாளுக்கு இருமுறை பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் முழுவதும் கூடும். பிரமாணத்தின் பன்னிரண்டு பிரிவுகளில் ஒவ்வொன்றும் முடிந்ததும், இதை நம்புகிறீர்களா என்று அவர் கேட்பார். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, நம்புகிறோம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். அவர் அடுத்த ஊருக்குப் போன பின் ஓதுவிக்க ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆளை நியமித்துச் சம்பளம் கொடுத்தார். அந்தச் சம்பளம் முத்துக் கரையிலிருந்தே வந்தது. போர்த்துக்கல் அரசி கத்தரினாவின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் இக்கரை செலுத்திவந்த 4000 பணம் இந்த உபதேசியர்களுக்காக மாற்றிவிடப்பட்டது. ஐரோப்பிய முறையிலான கல்வி இந்தக் கரையில் அரசியின் செருப்புக் காசில் ஆரம்பித்தது என்றால் மிகையில்லை.

சேவியரின் 1544ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் ஒரு வாதம் பதிவாகியிருக்கிறது. இருநூறு பிராமணர்களுக்கு மேல் இருந்த ஒரு கோயிலுக்கு அவர் போனார். அது திருச்செந்தூர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சொர்க்கம் அடைய உங்கள் தெய்வங்கள் என்ன செய்யச் சொல்கின்றன என்று அவர் கேட்டார். பதில் சொல்லும் பொறுப்பு எண்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் விடப்பட்டது. பசுவைக் கொல்லாதே, கோயிலில் பணிசெய்யும் பிராமணருக்குத் தானம் கொடு என்ற இரண்டே கட்டளைகளை அவர் சொன்னதாகக் கடிதம் கூறுகிறது. பிறகு அவர்கள் கேட்டார்கள். உடலோடு உயிரும் அழிந்துவிடுமா? சாகும்போது உயிர் எந்த வழியாக வெளியேறுகிறது? கனவில் தொலைவிலுள்ள ஊரையும் ஆளையும் காணும்போது உயிர் உடலை விட்டுப் போயிருக்கிறதா? கடவுள் கறுப்பா, வெள்ளையா? கடிதம் ஒருதரப்பாக எழுதப்பட்டது. பதில் சொன்னவர்களைச் சேவியர் மதிக்கவில்லை என்பதும் அதில் மறைவாக இல்லை. இருந்தும், உயிரின் இயல்பு பற்றி இந்தக் கரையில் நேருக்கு நேர் நடந்த ஒரு விசாரணையின் அரிய பதிவு இது. கனவைப் பற்றிய கேள்வி உபநிடதங்களில் விரிவாகப் பேசப்பட்டது. சிவஞானபோதத்திலும் அதற்கு இடம் உண்டு. கேட்டவர்கள் எங்கோ பாடங்கேட்டிருந்தார்கள் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. படித்த பிராமணர் ஒருவரையும் சேவியர் சந்தித்தார். தாம் பயின்ற கல்விச்சாலையில் கற்பித்த மறைபொருள்களை வெளியே சொல்வதில்லை என்று உறுதிமொழி வாங்குவார்கள் என அவர் சொன்னார். நட்புக்காகச் சிலவற்றைச் சொல்லவும் செய்தார்.

சேவியருக்குப் பின் இந்தக் கரையின் கல்வி அண்டிரிக்கி அடிகளார் கைக்கு வந்தது. என்றீக்கே என்றீக்கசு என்ற அந்தப் போர்த்துக்கீசியர் 1547 முதல் 1600இல் இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், புன்னைக்காயலை மையமாகக் கொண்டு வாழ்ந்தார். தமிழை எழுதவும் பேசவும் கற்றுத் தம் சேசு சபையாருக்கும் கற்பித்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் தம்பிரான் வணக்கமும் 1579இல் கொச்சியில் அச்சான கிரிசித்தியானி வணக்கமும் அவர் தந்தவை. அச்செழுத்து வார்க்கும் செலவில் பரதவர்கள் பங்கு கொண்டார்கள். மார்க்கோஸ் ஜார்ஜ் என்பவரின் போர்த்துக்கீசிய நூலிலிருந்து வந்த கிரிசித்தியானி வணக்கம் வினாவிடையாக அமைந்தது. கடவுள் எத்தனை பேர், ஆன்மா சாகுமா, நன்மை தீமைக்குப் பலன் உண்டா என்பன போன்றவை எளிய தமிழ் உரைநடையில் அச்சேறிச் சாதாரணக் குடும்பங்களுக்குப் போனது அதுவே முதல் முறை.

இந்த வினாவிடையில் கேட்பவர் குரு, சொல்பவன் மாணவன். தமிழ்நாட்டில் வேதாந்தம் கற்க விரும்பிய சாதாரண மக்கள் பயின்ற கைவல்லிய நவநீதம் இதற்கு நேர் எதிராக அமைந்திருக்கிறது. அங்கே கேட்பவன் மாணவன். தாண்டவராய சுவாமிகள் அந்த நூலின் இரண்டாம் பாதிக்குச் சந்தேகந்தெளிதற் படலம் என்றே பெயர் வைத்தார். ஒன்றை விளக்கியதும், அப்படியானால் இது எப்படி என்று மாணவன் மடக்குவான். குரு மறுபடி விளக்குவார். கிரிசித்தியானி வணக்கத்தின் மாணவனிடம் சந்தேகத்துக்கு இடமில்லை. அவன் பதிலை முன்பே கற்று வந்தவன். குறை அண்டிரிக்கியாருடையது என்று சொல்வதற்கில்லை. ஐரோப்பாவில் அன்று சிறுவருக்கான எல்லா உபதேச நூல்களும் அப்படித்தான் இருந்தன. ஆனால் கடலோரப் பிள்ளைகளின் பள்ளி நெடுங்காலம் இந்த அச்சிலேயே வார்க்கப்பட்டது என்பதை மறுக்க முடியாது.

சந்தேகம் கேட்கும் உரிமை அதே சேசு சபையில் வேறொரு வகுப்பாருக்கு இருந்தது. 1599இல் அச்சபை வெளியிட்ட கல்வித் திட்டப்படி, இலத்தீனும் இலக்கியமும் முடித்தவர்கள் மூன்று ஆண்டு தத்துவம் படிக்க வேண்டும். முதலாண்டு தருக்கம், இரண்டாமாண்டு இயற்கை பற்றிய நூல்கள், மூன்றாமாண்டு ஆன்மாவும் மூலதத்துவமும். அடிப்படை நூல்கள் அரிஸ்டாட்டிலுடையவை. ஒருவர் ஒரு கருத்தை நிறுத்த, மற்றவர்கள் எதிர்வாதம் தொடுக்க, அவர் தற்காத்து நிற்கும் வாதப் பயிற்சி வாரந்தோறும் நடக்கும். கோவாவின் புனித பவுல் கல்லூரியில் இது இலத்தீனில் நடந்தது. தூத்துக்குடிப் பரதவச் சிறுவன் அதுவரை போவது அரிது. அவனுக்கு மணியும் மனப்பாடமும். அவனுக்குக் கற்பிக்க வந்த பாதிரியாருக்கு அரிஸ்டாட்டில்.

மதுரையில் அரிஸ்டாட்டிலின் உலகமும் சைவ சித்தாந்தத்தின் உலகமும் மோதிக்கொண்டன. பரதவ வியாபாரிகளுக்காக மதுரையில் தங்கியிருந்த பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸ் அங்கே ஒரு சிறு பள்ளி வைத்திருந்தார். அதன் ஆசிரியர் ஒரு சைவர். 1605இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தமிழ் கற்று, 1606இல் மதுரை போன இராபர்ட்டோ தெ நோபிலி என்ற பாதிரியாரோடு அந்த ஆசிரியர் 20 நாள் வாதம் செய்தார். பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், தளை) மூன்றும் அனாதி என்பது ஆசிரியரின் கட்சி. படைக்கப்படாத ஒன்று கடவுள் மட்டுமே என்பது நோபிலியின் கட்சி. மறுபிறவியும் வாதத்துக்கு வந்தது. முடிவில் ஆசிரியர் ஞானஸ்நானம் பெற்றார். மத மாற்றக் கதையாகவே இது சொல்லப்பட்டு வருகிறது. ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் தம் சித்தாந்தத்தை அத்தனை நாள் விட்டுக்கொடுக்காமல் தாங்கிப் பேசும் அளவுக்குக் கற்றிருந்தார் என்பது அதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி.

1610இல் நோபிலி எழுதிய கடிதம் மதுரையின் உயர்கல்வியை விவரிக்கிறது. அங்கே பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் வெவ்வேறு ஆசிரியர்களிடம் பயின்றார்களாம், எல்லாரும் பிராமணர்கள், செலவுக்கு அரசர்கள் விட்ட மானியம் இருந்தது. பிரத்தியட்சம், அனுமானம் முதலிய பிரமாணங்களை அவர்கள் கற்றது கங்கேசரின் தத்துவ சிந்தாமணி வழியாக. எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம். கடிதம் எழுதும் மிஷனரிகளுக்குப் பெரிய எண்கள் பிடிக்கும். ஆனால் பாடத்தின் விவரம் கண்ணால் கண்டவருடையது. நோபிலி தாமே ஆத்தும நிருணயம், புனர்ஜென்ம ஆட்சேபம் போன்ற நூல்களை எழுதினார். அரிஸ்டாட்டிலிலிருந்து தாமஸ் அக்குவினாஸ் வழியாக வந்த ஆன்மக் கொள்கை தமிழில் காரண காரியத்தோடு வாதிக்கப்பட்டது அவற்றில்தான். வடசொல் மலிந்த அந்த உரைநடை இன்று கரடுமுரடாகத் தோன்றினாலும், தமிழில் ஐரோப்பிய மெய்யியலின் முதல் பாடநூல்கள் அவை என்றே கொள்ள வேண்டும்.

1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். முத்தும் சங்கும் துணியும் அவர்கள் கண்ணுக்குப் பட்ட அளவு பள்ளிகள் படவில்லை. 1773இல் சேசு சபை உலகெங்கும் கலைக்கப்பட்டது. 1830களின் இறுதியில் அது மதுரை மிஷனுக்குத் திரும்பும்வரை கரையோரக் கல்வி உபதேசியார்களின் வாய்மொழியில் உயிர் தரித்திருந்தது.

புதிய கல்வி வந்த வழி புரொட்டஸ்டன்ட் மிஷன்களுடையது. தூத்துக்குடிக்கு அருகே சாயர்புரத்தில் 1840களில் ஜி.யு. போப் ஒரு செமினரி தொடங்கினார். உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதே நோக்கம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஐரோப்பியச் செவ்வியல் மொழிகள் வரை சொல்லிக்கொடுக்கப்பட்டன. கண்டிப்புக்குப் பேர்போன போப்பின் பிரம்பைப் பற்றிய கதைகள் அவர் போன பிறகும் வழங்கின. அந்தச் செமினரி கல்லூரி வகுப்புவரை வளர்ந்தது. 1883இல் பிஷப் கால்டுவெல் தூத்துக்குடிக்குக் குடிவந்தபோது கல்லூரியும் நகருக்கு மாறி அவர் பெயரைப் பெற்றது. 1876இலேயே ரயில் வந்துவிட்டது. கொழும்புக்குக் கப்பல் ஓடியது. குமாஸ்தா வேலைக்கும் வக்கீல் தொழிலுக்கும் ஆங்கிலம் தேவைப்பட்டது. கல்லூரி நெடுநாள் நிற்கவில்லை. உயர்நிலைப் பள்ளி நிலைத்தது.

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் மெய்யியலை ஒரு தேர்வுப் பாடமாக்கியது. மனவியலும் ஒழுக்கவியலும் பி.ஏ. வகுப்பில் ஒரு விருப்பப் பிரிவு. 1910களில் எப்.ஏ. போய் இண்டர்மீடியட் வந்தபோது கலைப் பிரிவில் வரலாற்றோடு தருக்கமும் சேர்ந்தது. எல்லாம் ஆங்கிலத்தில். சாக்ரடீஸ் மனிதன், மனிதர் எல்லாரும் இறப்பவர், ஆகவே சாக்ரடீஸ் இறப்பவர் என்ற உதாரணம் அடுக்களைப் புகையின் இடத்தைப் பிடித்தது. முக்கூற்று முடிவுகளின் வகைகளை நினைவில் வைக்க பார்பரா, செலாரென்ட், தாரீ, பெரியோ என்ற இடைக்கால இலத்தீன் வாய்பாட்டை மாணவர்கள் ஓதி உருப்போட்டார்கள். சேவியர் காலத்துப் பிள்ளைகள் செபம் உருப்போட்டதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகம் இல்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தத்துவம் எடுத்ததற்குக் காரணம், படிப்பு முடித்த உறவினர் ஒருவர் தம் பழைய புத்தகங்களைக் கொடுத்தது. ஸ்டவுட்டின் உளவியல், வெல்ட்டனின் தருக்கம், மெக்கன்சியின் ஒழுக்கவியல் ஆகிய மூன்றும் அந்தக் கட்டில் இருந்தன. மூன்றும் பிரிட்டனிலிருந்து வந்த பாடநூல்கள். சங்கரரும் மெய்கண்டாரும் அதில் இல்லை. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் தலைமை ஏற்றுப் பணியாற்றி, பின்பு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியரான பெ. சுந்தரம் பிள்ளை வகுப்பில் மேலைத் தத்துவமும் வீட்டில் வேதாந்தமும் சித்தாந்தமுமாக வாழ்ந்தார். 1891இல் வெளிவந்த அவருடைய மனோன்மணீயத்தில் வரும் முனிவரும் சீடர்களும் நாடகத்தின் நடுவே தத்துவ விசாரணையில் இறங்குவது அந்த இரட்டை வாழ்வின் விளைவு என்று சொல்லலாம்.

கால்டுவெல் கல்லூரி நகருக்கு வந்த அதே 1883இல் தூத்துக்குடி சைவ சித்தாந்த சபையும் பிறந்தது. இந்த ஒரே ஆண்டு வெறும் தற்செயலாகத் தெரியவில்லை. மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்ற சைவ இளைஞர்களிடம், உங்கள் சமயத்தின் கொள்கை என்ன என்று பாதிரியார்கள் கேட்டார்கள். பதில் மடத்து ஏட்டில் இருந்தது. அதைப் பொது மேடைக்குக் கொண்டுவர ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. 1886இல் பாளையங்கோட்டையில் சைவ சபை வந்தது. 1905க்குப் பின் சைவ சித்தாந்த மகாசமாஜம் இவற்றுக்கெல்லாம் பொது மேடையானது. ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை 1895இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1897இல் சித்தாந்த தீபிகை இதழ் தொடங்கியது. பாடங்கேட்கத் தீட்சை பெற்று ஆதீனம் போக வேண்டிய நிலை மாறி, மாலையில் கடையடைத்துவிட்டு வந்த வியாபாரியும் குமாஸ்தாவும் பெஞ்சில் உட்கார்ந்து சித்தாந்தச் சொற்பொழிவு கேட்டார்கள். ஆண்டுவிழாக்களில் வாதப் பிரதிவாதம் அனல் பறந்தது. பெண்களும் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்களும் இந்தப் பெஞ்சுகளை எட்ட இன்னும் காலம் பிடித்தது.

ஒட்டப்பிடாரத்து வ.உ. சிதம்பரம் பிள்ளை இந்தச் சூழலில் வளர்ந்தவர். தூத்துக்குடியில் புனித சேவியர் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும் படித்தார். கப்பலோட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். அவர் எழுதிய புத்தகங்களில் பெரும்பகுதி மெய்யியல் சார்ந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. 1908 முதல் 1912 வரை கோவை, கண்ணூர்ச் சிறைகளில் இருந்தபோது ஜேம்ஸ் ஆலனின் நூல்களை மொழிபெயர்த்தார். மனம்போல வாழ்வு, அகமே புறம் ஆகியவை அப்படி வந்தவை. மெய்யறம் உருவானதும் சிறையில், உடனிருந்த கைதிகளுக்கு நீதி சொல்லப் போய். குறளைப் பின்பற்றி அதிகாரத்துக்குப் பத்து வரியாக 125 அதிகாரம். மாணவரியலில் ஆரம்பித்து இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல் வழியாக மெய்யியலில் முடிகிறது. முதல் இயல் மாணவருக்கு, கடைசி இயல் மெய்ப்பொருளுக்கு என்ற இந்த வரிசை ஒரு பாடத்திட்டத்தின் வரிசை. முன்னர்க் கழுகுமலையில் துறவியர் வாழ்ந்து நடத்திய கல்வியை, மாணவப் பருவம் முதல் தொடங்கும் இல்லறத்தாரின் கல்வியாக அவர் அமைத்தார். 1935இல் தூத்துக்குடியில் இருந்துகொண்டு சிவஞானபோதத்துக்கு உரை வெளியிட்டார். மறு ஆண்டு இறந்தார். உரை எளியது, வித்துவான்களுக்கு எழுதப்பட்டதன்று.

கத்தோலிக்கத் தரப்பில் மெய்யியல் குருமடங்களுக்குள் இருந்தது. 1879இல் பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் அக்குவினாஸின் தத்துவத்தை மீண்டும் முன்னிறுத்தினார். அவரே 1893இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாகக் கண்டியில் ஒரு குருமடம் அமைத்தார். 1955இல் அது புனேக்கு மாறியது. குருத்துவ மாணவர்கள் இறையியலுக்கு முன் தத்துவம் முடிக்க வேண்டும் என்ற விதி இன்றுவரை மாறவில்லை. 1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, இந்தியரான பிரான்சிஸ் டிபூர்சியஸ் ரோச் ஆயரானார். அவருடைய மறைமாவட்டத்துக்கு ரோமாபுரியில் படித்துவிட்டு வந்தவர் யாழ்ப்பாணத்துச் சேவியர் தனிநாயகம். 1940களின் தொடக்கத்தில் வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்துகொண்டே, உள்ளூர்ப் பண்டிதரிடம் தமிழ் இலக்கியம் கற்றார். இலத்தீனில் தத்துவம் படித்திருந்த அவருக்குச் சங்கப் பாடலையும் குறளையும் ஸ்தோயிக் சிந்தனையாளர்களோடு வைத்துப் பார்க்க முடிந்தது. 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் நிறுவினார். பண்டைத் தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை பற்றி இலண்டனில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். லிஸ்பனில் 1554இல் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் உபதேச நூல் உட்பட இக்கரைக்காக எழுதப்பட்ட பழைய அச்சு நூல்களை மறுபடி உலகறியச் செய்தவரும் அவரே.

சுதந்திரத்துக்குப் பின் தூத்துக்குடியில் கல்லூரிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1948இல் புனித மரியன்னை கல்லூரி, 1951இல் வ.உ.சி. கல்லூரி, 1966இல் காமராஜ் கல்லூரி. துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் தொழிற்சாலைக்கும் வேண்டிய வணிகவியலும் அறிவியலும் அவற்றில் செழித்தன. 1960களில் கல்லூரிப் பாடங்கள் தமிழுக்கு மாறி, தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் நூல்கள் வெளியிட்டபோது அளவையியலும் உளவியலும் மெய்யியலும் தமிழில் கிடைத்தன. புகுமுக வகுப்பில் தருக்கம் ஒரு விருப்பப் பாடமாக இருந்தவரை அவற்றைப் படிக்க ஆள் இருந்தார்கள். 1978இல் புகுமுக வகுப்பு நின்று மேல்நிலைக் கல்வி பள்ளிக்குள் வந்தது. கணிதம்-அறிவியல், வணிகவியல், வரலாறு என்று குரூப்புகள் பிரிந்தபோது தருக்கத்தைப் பெரும்பாலான பள்ளிகள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியர் இல்லை, மாணவர் இல்லை, அதைப் படித்தால் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வழியும் இல்லை.

இப்போது மேல்நிலை வகுப்புகளுக்கு அறவியலும் இந்தியப் பண்பாடும் என்று ஒரு விருப்பப் பாடம் உண்டு. அதை நடத்தும் பள்ளிகள் குறைவு. மற்றபடி வாரத்துக்கு ஒரு மணி நேர நீதிபோதனை வகுப்பு. கரையோரக் கத்தோலிக்கப் பள்ளிகளில் அந்த மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, மற்றவர்கள் நன்னெறிக்கு. இரண்டிலும் கேள்வி புத்தகத்தில் அச்சாகியிருக்கும், பதில் கீழே இருக்கும். தத்துவத்தை முறையாகக் கற்க விரும்பும் பெரியவர்களுக்குத் திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் நடத்தும் சைவ சித்தாந்த வகுப்புகள் உள்ளன. மாதத்தில் ஒரு நாள் என்று ஈராண்டு நடக்கும் அவற்றில் ஓய்வு பெற்றவர்களே மிகுதி.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், அதே முத்துப் பார்களின் மறுகரையில், நிலைமை வேறுவிதமாகத் திரும்பியது. வட்டுக்கோட்டை செமினரி 1823இல் தொடங்கிய காலத்திலிருந்தே தருக்கமும் மனவியலும் யாழ்ப்பாணத்து உயர்படிப்பில் இடம் பெற்றன. இன்று இலங்கையின் க.பொ.த. உயர்தரக் கலைப் பிரிவில் அளவையியலும் விஞ்ஞான முறையும் ஒரு தேர்வுப் பாடம். பதினேழு, பதினெட்டு வயது மாணவர்கள் உய்த்தறிவு, தொகுத்தறிவு, நியாயத் தொடை, குறியீட்டு அளவையியல், உண்மை விருட்சம், போலி வாதங்கள், விஞ்ஞானக் கொள்கைகள் எப்படி மாறுகின்றன என்பது வரை தமிழிலேயே படித்துத் தமிழிலேயே பரீட்சை எழுதுகிறார்கள். அந்தப் பாடத்தில் தேறியவர்களுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பட்டப்படிப்பு இருக்கிறது. அதை முடித்தவர்களில் சிலர் பள்ளிக்கே திரும்பி வந்து அதே பாடத்துக்கு ஆசிரியராகிறார்கள்.